சரக்கு வேன் வீடாகுமா? மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

பொருள் சுமக்கச் செய்த வண்டியில் மனிதர் குடியிருக்கலாமா? வேன் வாழ்க்கைக் காணொளிகள் பெருகிய பிறகு முளைத்த கேள்வி இது என்று பலர் நினைக்கிறார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் கேள்வி மிகப் பழையது. பஜார் ரோட்டின் பழைய பண்டகசாலைகளுக்குத் தெருப்பக்கம் ஒரு வாசலும் காயல் பக்கம் ஒரு வாசலும் உண்டு. இன்று தெருவாசலில் வேனும் மினி லாரியும் மூட்டைகளை ஏற்றி இறக்குகின்றன. லாரிகள் பெருகும் வரை அந்த வேலையைக் காயல் வாசலில் கெட்டுவள்ளங்கள் செய்தன. அவற்றைத் துழாவி வந்தவர்கள் அவற்றிலேயே சமைத்தார்கள், உண்டார்கள், உறங்கினார்கள்.

பழைய டெலிவரி வேனை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்திக் குடியேறுவது பற்றி இன்று பல குரல்கள் கேட்கின்றன. விடுதலை வாழ்க்கை என்கிறார்கள் சிலர். வீடில்லாதவருக்கு மலிவான கூரை என்கிறார்கள் வேறு சிலர். மோட்டார் வாகனச் சட்டமும் கொச்சியின் பருவநிலையும் இரு தரப்பையும் தடுத்து நிறுத்துகின்றன. இந்தக் கருத்துகளின் வேர் எங்கே, அவை எங்கே தடுமாறுகின்றன என்பதைப் பார்ப்போம்.

காயலில் நடந்த முன்னோட்டம்

கெட்டுவள்ளம் ஆணியில்லாத படகு. ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, முந்திரி ஓட்டிலிருந்து காய்ச்சிய கரும்பிசினைப் பூசிக் கட்டினார்கள். குட்டநாட்டு நெல்லும் அரிசியும் அதில் ஏறிக் கொச்சிக்கு வந்தன. பாலங்களும் சாலைகளும் வந்தபின் வள்ளங்களுக்கு வேலை குறைந்தது, பல கரையில் கிடந்து உளுத்தன. 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலாத் தொழில்முனைவோர் அவற்றை எடுத்து, மூங்கிலும் பனம்பும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கையறையும் கழிப்பறையும் வைத்துத் தங்கும் படகுகளாக்கினார்கள். இந்த முயற்சியில் டூர் இந்தியா நிறுவனத்தின் பாபு வர்கீஸ் பெயர் முதலில் சொல்லப்படுகிறது.

வேலை இழந்த சரக்கு வாகனம் வீடான கதைகளில் நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய சான்று இல்லை. அழிந்துகொண்டிருந்த ஒரு கைத்தொழிலுக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. ஆலப்புழை, குமரகம் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பும் ஆயிற்று. ஆனால் மாற்றிக் கட்டியவர்கள் தொடக்கத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படகும் ஒரு கழிப்பறையைத் தூக்கிக்கொண்டு மிதக்கிறது. அதன் கழிவு எங்கே போகும்? 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வேம்பநாட்டுக் காயலில்தான் அதன் பெரும்பகுதி கலந்தது. கழிவை உறிஞ்சி எடுக்கும் நிலையங்கள் பின்னால் வந்தன. புகார்கள் இன்னும் ஓயவில்லை. உள்நாட்டு நீர்க்கலங்களுக்கான கேரள விதிகள் 2010-இல்தான் வந்தன. முதல் படகு மாற்றத்துக்கும் அந்த விதிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

வேன் வீடு பற்றிப் பேசுபவர்கள் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் வேம்பநாட்டுக் காயலில் இருக்கிறது என்பது என் கருத்து.

விடுதலை என்ற தரப்பு

சக்கரத்தின் மேல் வாழ்வது இந்தியாவில் முதலில் ஒரு குலத்தொழிலோடு சேர்ந்து வந்தது. ராஜஸ்தானின் காடியா லோஹார் கொல்லர்கள் மாட்டுவண்டியையே வீடாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபின் நிலையான கூரைக்குக் கீழ் வாழ்வதில்லை என்று முன்னோர் சபதம் செய்ததாக அவர்களிடையே வழக்கு. 1955-இல் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று, சபதம் நிறைவேறிற்று என்று அறிவித்து, நிலையாகக் குடியேறக் கேட்டுக்கொண்டார். புதிய குடியரசு நடமாடும் வீட்டை ஒரு குறையாகவே பார்த்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மரியாதையோடு வந்த நடமாடும் வீடு, ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1982-83 பிரசாரத்தில் பயன்படுத்திய சைதன்ய ரதம். பழைய செவ்ரோலே வேன் ஒன்றே அவருக்கு மேடையாகவும் தங்குமிடமாகவும் இருந்தது.

மேற்கே கதை வேறு. ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் மடக்குப் படுக்கையும் அலமாரியும் பொருத்தி வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் விற்கத் தொடங்கியது. அது விடுமுறை வண்டி. அதை வாங்கியவர்களுக்குத் திரும்பிப் போக வேறொரு வீடு இருந்தது. 2010-களில் சமூக ஊடகம் அதையே முழுநேர வாழ்க்கையாகக் காட்டியது. அலுவலக வேலையைக் கணினியில் முடித்துக்கொண்டு, வாடகையைத் தவிர்த்து, விரும்பிய இடத்தில் விழிக்கலாம் என்பதே இந்தத் தரப்பின் மையக் கருத்து.

கேரள அரசு இதன் சுற்றுலாப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 2021 செப்டம்பரில் கேரவன் கேரளா திட்டம் அறிவிக்கப்பட்டது. வண்டி வாங்க மானியமும், நிறுத்திவைக்கக் கேரவன் பூங்காக்களும் அதில் இருந்தன. கொச்சியின் வில்லிங்டன் தீவைத் தலைமையிடமாகக் கொண்ட சிஜிஎச் எர்த் விடுதிக் குழுமம் 2022-இல் வாகமண்ணில் முதல் பூங்காவைத் திறந்தது. தொடக்க ஆரவாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி தொடர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அரசு ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது: வண்டியைவிட, வண்டி நிற்கும் இடமே முதலில் வேண்டும்.

இந்தத் தரப்பின் பலவீனம் பிழைப்பில் இருக்கிறது. வேலையும் கூடவே நகர்ந்தால்தான் நகரும் வீடு விடுதலை தரும். மட்டாஞ்சேரியில் பெரும்பாலோர் வேலை நகராதது. பண்டகசாலையில் மூட்டை தூக்குபவர், சீனவலை இழுப்பவர், ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் ஆகியோரை எண்ணிப் பார்க்கலாம். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன. துவைக்கும் கல்லும் காயப்போடும் வெளியும் அங்கேதான் உள்ளன.

கூரை இல்லாதவருக்கு வேன்

இரண்டாவது தரப்பு தேவையிலிருந்து பேசுகிறது. 2008 பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்த முதிய அமெரிக்கர்கள் வேன்களில் குடியேறி, கிடங்கு வேலைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததை ஜெசிகா புரூடர் 2017-இல் ‘நோமாட்லேண்ட்’ நூலில் பதிவு செய்தார். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 2004 முதல், வண்டியில் உறங்குபவர்களுக்கு இரவில் பாதுகாப்பாக நிறுத்த இடம் தரும் திட்டம் நடக்கிறது. வண்டியில் வாழ்வது அங்கே பலருக்கு விருப்பமாக இல்லை. வாடகை கொடுக்க முடியாததன் விளைவு அது.

தமிழ்நாட்டில் இதைச் சிந்தித்தவர் கட்டடக் கலைஞர் அருண் பிரபு. சென்னை, மும்பைக் குடிசைப் பகுதிகளை ஆராய்ந்தபின், 2019-இல் ஒரு சரக்கு ஆட்டோவின் மேல் 6 அடிக்கு 6 அடி, அதாவது 36 சதுர அடியில் ‘சோலோ 0.1’ என்ற சிறுவீட்டை அமைத்தார். படுக்கை, சமையல் மேடை, குளியல், கழிப்பறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரிய மின்தகடு ஆகிய எல்லாம் சுமார் 1 லட்சம் ரூபாயில், பெரும்பாலும் கழித்துப்போட்ட பொருட்களைக் கொண்டு முடிந்தன. வீட்டுப் பகுதியை ஆட்டோவோடு போல்ட்டுகளால் இணைத்திருந்ததால் கழற்றி இறக்கவும் முடியும். சிறிய இடத்தை எப்படி மதிக்க வேண்டும் என்று காட்டிய முயற்சி என்ற வகையில் அதன் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

ஆனால் அதை வீட்டுவசதித் தீர்வாக நீட்டும்போது கணக்கு இடிக்கிறது. நகர வாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் திட்டமிடலில் புழங்கும் அளவு. அதன்படி இருவர் இருந்தால் 250 லிட்டர் ஒரு நாளைக்கே போதாது. ஆளுக்கு 50 லிட்டர் என்று சுருக்கினாலும் மூன்றாம் நாள் குழாய் தேடியாக வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் மேற்குக் கொச்சியில், நிலையான வீட்டுக்காரரே படும் பாடு இது.

பரப்பளவையும் பார்க்கலாம். டாடா விங்கர் சரக்கு வேனின் உள்நீளம் சுமார் 3.24 மீட்டர், அகலம் 1.64 மீட்டர், பெருக்கினால் 5.3 சதுர மீட்டர், ஏறக்குறைய 57 சதுர அடி. ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டிலும் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் துருத்தியில் 394 குடும்பங்களுக்காகக் கட்டிய இரட்டை அடுக்குமாடியில் ஒரு குடியிருப்பு சுமார் 300 சதுர அடி. மத்திய அரசின் ராஜீவ் ஆவாஸ் யோஜனா வீட்டுவசதித் திட்டக் காலத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் முழுமை பெற 2025 ஆயிற்று. இவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவருக்கு வேன் ஒரு வழியாகத் தோன்றுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஏழைக்கு 57 சதுர அடி போதும் என்று அரசு சொல்லத் தொடங்கினால் அது வீட்டுரிமையைச் சுருக்கும் வேலை. இந்த அச்சம் மிகையானது என்று தள்ளிவிட முடியாது.

பதிவுச் சான்றிதழ் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இதன் பொருள் பற்றிய முக்கிய வழக்கு கேரளத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. மாநில விதிகளின் துணையோடு மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தக் கடுமை காகிதத்தோடு நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில், தாங்கள் பயணம் செய்து வாழ்ந்த வேனை மாற்றியமைத்திருந்த இரு யூடியூபர்களின் வண்டியைக் கண்ணூர் மோட்டார் வாகனத் துறையினர் கைப்பற்றினர். தொடர்ந்து நடந்த கைதும் இளைஞர்களின் எதிர்ப்பும் கேரளம் முழுவதும் பேசப்பட்டன. வண்டி மாற்றம் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு உணர்ச்சிகரமான விஷயமாகிவிட்டது என்பதை அந்த நாட்கள் காட்டின.

சட்டம் எல்லாக் கதவையும் மூடிவிடவில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்ற வகையை மத்திய அரசின் 2004 அறிவிக்கை ஏற்கிறது. மோட்டார் கேரவனுக்கென்று தனித் தொழில்நுட்பத் தரமும் உண்டு. அடிச்சட்டம் வாங்கி, அங்கீகாரம் பெற்ற கூடு கட்டும் நிறுவனத்தில் கேரவனாகவே கட்டி, அப்படியே முதல் பதிவு செய்தால் வழி சீராக இருக்கிறது. சரக்கு வண்டியாகப் பதிவாகிப் பல ஆண்டு ஓடிய வேனை வாங்கி வகை மாற்றுவதுதான் சிக்கல். செலவு குறைவு என்று பழைய வேனைத் தேடுபவர் யாரோ, அவருக்கே சட்டம் அதிகம் முரண்டுபிடிக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய கட்டில், பெட்டி போன்றவற்றை மட்டும் வைத்தால் அது மாற்றம் ஆகாது என்று ஆர்வலர்கள் வாதிடுகிறார்கள். அதை இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஏற்குமா என்பது விபத்து நடக்கும் வரை தெரியாத விஷயமாகவே இருக்கிறது.

இரும்புக் கூடும் கொச்சிக் காற்றும்

பொறியியல் தரப்பைத்தான் பொதுவிவாதம் மிகக் குறைவாகக் கேட்கிறது. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அவர்களுக்கு வெப்பம் வெளியேறக்கூடாது. கொச்சியில் இரவிலும் வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டி. காற்று எப்போதும் ஈரம். இங்கே வேண்டியது காற்றோட்டம். சுவர் முழுக்க வெப்பத்தடுப்பு நிரப்பினால் பகல் வெயில் மெதுவாக ஏறும் என்பது உண்மை. ஆனால் உள்ளே சமையலாலும் உடலாலும் சேர்ந்த சூடு, பொழுது சாய்ந்த பிறகும் வெளியேற வழி தேடும்.

ஈரத்தின் கதை இன்னும் நுட்பமானது. குளிர்நாட்டு வேனில் மூச்சின் ஈரம் உள்ளிருந்து வெளியே போய்க் குளிர்ந்த தகட்டில் நீராகும். அதனால் அவர்கள் உட்புறம் நீராவித் தடுப்புத் தாளை ஒட்டுகிறார்கள். கொச்சியில் ஏசி போட்ட வேனில் இது தலைகீழ்: வெளியிலுள்ள ஈரக்காற்று தகட்டின் இடுக்குகள் வழியே நுழைந்து, குளிர்ந்த உள்பலகையின் பின்புறத்தில் படியும். அங்கே தடுப்புத் தாள் இருந்தால் நீர் அதன் பின்னாலேயே தங்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவும் பூஞ்சையும் பிடிக்கும். உப்புக் காற்று துருவை விரைவுபடுத்தும்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் காட்டிய கட்டட வழி நினைவுக்கு வருகிறது. சல்லடைச் செங்கல் சுவர், நீண்ட இறவாரம், மேலே ஏறும் சூட்டுக்கு ஒரு வெளிவழி. பஜார் ரோட்டின் ஓட்டுக்கூரைப் பண்டகசாலைகளும் இதே அறிவில் நிற்கின்றன. வேனுக்கு இறவாரம் இல்லை. மழை பெய்தால் சன்னலை மூடியாக வேண்டும், மூடினால் காற்று நின்றுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது ஓயாத இக்கட்டு. கூரையில் மழைமூடி போட்ட காற்றுப்போக்கியும், சுமார் 30 வாட்டில் ஓடும் மின்விசிறியும் ஓரளவு உதவும். ஏசிக்கு ஆயிரம் வாட் அளவில் மின்சாரம் வேண்டும். மேகம் மூடிய மாதங்களில் கூரையிலுள்ள சூரியத் தகட்டால் அது ஆகாது. அங்கேதான் ஜெனரேட்டர் உள்ளே வருகிறது.

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, உறங்குபவரை எழுப்புவதில்லை. அதைக் கண்டறியும் சிறு கருவி இல்லாமல் எந்த வேனிலும் ஜெனரேட்டரோ அடுப்போ வைக்கக்கூடாது என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

பலகையிலும் ஒரு கவனம் வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்க அரசு கொடுத்த நிவாரண டிரெய்லர் வீடுகளில் ஃபார்மால்டிஹைடு வாயு இயல்பைவிட மிகுந்திருந்ததை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2008-இல் உறுதி செய்தது. பிளைவுட், துகள்பலகைகளின் பசையே இதற்கு முக்கிய ஊற்று. சூடும் ஈரமும் கூடினால் இந்த வாயு அதிகம் கசியும். எர்ணாகுளம் மாவட்டத்திலேயே உள்ள பெரும்பாவூர் கேரளத்தின் பிளைவுட் மையம் என்பதால் இங்கே பலகை எளிதில் கிடைக்கும். குறைந்த கசிவுத் தரத்தில் கேட்டு வாங்குவதும், புதுப்பலகை அடித்த வேனைச் சில வாரம் திறந்துபோட்ட பிறகே உறங்குவதும் நல்லது.

மாற்றி அமைத்த வாகனத்தின் எடையும் சமநிலையும் பற்றிய எச்சரிக்கை, நீர்ப்பரப்பிலிருந்து இன்னும் கொடுமையாக வந்தது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைப் பலிகொண்ட உல்லாசப் படகு, மீன்பிடிப் படகை மாற்றியமைத்தது என்பது அப்போது பெரும் குற்றச்சாட்டாக எழுந்தது. சாலை வேறு, காயல் வேறுதான். ஆனால் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மேலே பெட்டிகள், கூரையில் தகடு என்று ஏற்றிய வேன் மலைச்சாலை வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபின் வண்டியை எடுப்பவர்கள் குறைவு.

நிறுத்த ஓர் இடம்

மட்டாஞ்சேரியில் இந்தக் கேள்வியின் கடினமான பகுதி வேனுக்கு வெளியே இருக்கிறது. தெருக்கள் குறுகல், பகலில் சரக்கு வண்டிகளும் யூதத் தெருவுக்கு வரும் பயணிகளும் நிறைந்தவை. சாலையோரத்தில் இரவெல்லாம் நிற்கும் குடியிருப்பு வேனுக்கு எந்த அனுமதி வகையும் கிடையாது. ராமேஸ்வரம்–கல்வத்திக் கால்வாய் ஏற்கெனவே கழிவால் திணறுகிறது; ஒவ்வொரு வேனும் தன் தொட்டியை எங்கே காலி செய்யும் என்ற கேள்விக்கு இன்று அப்பகுதியில் ஒழுங்கான விடை இல்லை.

நடைபாதைவாசிகள் பற்றிய 1985-ஆம் ஆண்டு ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு, பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது வழங்கவில்லை. பிழைப்பு இருக்கும் இடத்தை விட்டு ஏழையால் நகர முடியாது என்ற உண்மையை நீதிமன்றம் அங்கே ஏற்றுக்கொண்டது. கடலோரத்தில் 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் இடம்பெயர 10 லட்சம் ரூபாய் தரும் கேரளத்தின் புனர்கேகம் திட்டத்தில் பல மீனவர்கள் தயங்குவதற்கும் அதே உண்மைதான் காரணம். முகவரியும் இதோடு சேர்ந்தது. வீடற்றவரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்கத் தேர்தல் ஆணையம் வழி வைத்திருக்கிறது. அலுவலர் இரவில் வந்து அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று பார்ப்பார். அதாவது, இரவுதோறும் இடம் மாறும் வேன்வாசியை அந்த வழியும் பட்டியலில் சேர்க்காது.

தீராத கேள்விகள்

நிரந்தர வீட்டுக்கு மாற்றாகச் சரக்கு வேன் மட்டாஞ்சேரியில் தேறாது என்றே கிடைக்கும் சான்றுகளை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது. பயணத் தங்குமிடமாகவும், ஊர் ஊராகச் செல்லும் மருத்துவ முகாம், நூலகம், கைவினைப் பட்டறை போன்ற பணிகளுக்கு இரவுத் தங்கலோடு கூடிய வண்டியாகவும் அது நன்றாகவே பயன்படும். வெள்ளம், கடலேற்றக் காலங்களில் குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்க ஏற்றதா என்பதில் உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூட முகாம்களைவிடத் தனிமை கிடைக்கும். ஆனால் செலவு, பராமரிப்பு, மீதிக் காலத்தில் எங்கே நிறுத்துவது என்பவற்றை இங்கே யாரேனும் சோதித்துப் பார்த்தால்தான் விடை தெரியும். ஓடி ஓய்ந்த மின்சார டெலிவரி வேன்கள் சில ஆண்டுகளில் சந்தைக்கு வரும்போது, பெரிய மின்கலம் ஜெனரேட்டரின் ஆபத்தை நீக்கிவிடக்கூடும். இன்று வரையிலான கணக்கில் பெரிய மாற்றம் வருவதானால் அங்கிருந்தே வர வாய்ப்பு அதிகம்.

கொச்சி மாநகராட்சியும் போக்குவரத்துத் துறையும் இப்போதே செய்யக்கூடியவை இரண்டு. பழைய சரக்கு வேனைக் கேம்பர் வேனாக வகை மாற்றுவதற்கான நிபந்தனைகளைத் தெளிவாக எழுதி வெளியிடலாம். குழாயும் கழிவு இறக்கும் தொட்டியும் உள்ள ஓர் இரவு நிறுத்தத்தை மேற்குக் கொச்சியில் சோதனையாகத் திறக்கலாம். அதுவரை, பழைய வேன் வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் தன் ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.